ஏழாம் நம்பர் கிளிப்பு

எங்கள் வீட்டுக்கு ஆகாய விமானம் ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றப்பட்டு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கிள்ளானில், தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா.

சித்தப்பாவுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்பார். கல்யாணம் ஆகவில்லை. குடிக்க மாட்டார், லாட்டரி நம்பர் எழுத மாட்டார். ஓர் ஆம்பிளைக்கு ஒரு கெட்ட பழக்கம்கூட இல்லையே என்று வீட்டில் ஒரு குறை இருந்திருக்க வேண்டும். விமானம் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன சாமான் அது. மஞ்சள் நிறம். இறக்கை, நான் இரண்டு கைகளையும் விரித்தாலும் எட்டாத நீளம். ஓர் ஓரம் உடைந்திருந்தது. மூக்கில் சின்ன எஞ்சின். கூடவே, நீளமான ஏரியல் வைத்த ஒரு ரேடியோ பெட்டி. தரையில் நின்றுகொண்டு அந்தப் பெட்டியால் மேலே பறப்பதை ஓட்ட வேண்டும்.

"ஏன்டா தம்பி, உங்க அண்ணிய ஏத்திக்கிட்டு பினாங்கு வரைக்கும் போயிட்டு வர்றியா?" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பினாங்கு முக்கியமாகப் படவில்லை. "அத எங்க தம்பி வைக்கப் போறீங்க? அலமாரி மேல என் பெட்டி இருக்கு" என்றார்.

அம்மாவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. இறக்கை அலமாரி மேல் ஏறியது. சித்தப்பா வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, உடைந்த ஓரத்தில் மெல்லிய கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். எஞ்சினை முடுக்க முன்விசிறியை விரலால் சுண்ட வேண்டும். அது திருப்பி அடித்து அவருடைய ஆட்காட்டி விரல் இரண்டு முறை கிழிந்தது. பிளாஸ்டர் ஒட்டிய விரலோடு மறுபடியும் சுண்டினார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆன்டி வெளியே வந்து, "ஏன் தம்பி, புல்லு வெட்டுறீங்களா? எங்க வீட்டு வாசலையும் கொஞ்சம் வெட்டிவிடுங்க லா" என்றார். சித்தப்பா அன்று சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. சித்தப்பா பெட்டியை ஆன் செய்து குச்சியை அசைப்பார். வால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் பின்னால் நின்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கேட்டாலே எனக்குக் குரல் வராது. ஆனால் "எடது, சித்தப்பா! வலது!" என்று கத்துவதில் கூச்சம் இருக்கவில்லை.

ஷா ஆலமுக்கு வெளியே, செம்பனை மரங்களை வெட்டிச் சமன்படுத்திப் போட்டிருந்த ஒரு நிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் இப்படி விமானம் விட்டார்கள். எல்லாரும் காரில் வருபவர்கள். நாங்கள் மோட்டார் சைக்கிளில் போனோம். முன்னால் விமானத்தின் உடம்பு, பின்னால் நான், என் மடியில் இறக்கை. அதைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் தூக்கிவிடும் என்று சித்தப்பா சொல்லியிருந்ததால், போகிற வழியெல்லாம் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

அந்த இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ரேடியோ பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரே நம்பரில் இரண்டு பெட்டிகள் ஒரே சமயத்தில் ஆன் ஆனால், மேலே பறக்கும் விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதனால் ஒரு பலகையில், துணி காயப்போடும் கிளிப்புகளில் நம்பர் எழுதி வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். உங்கள் நம்பர் கிளிப்பு பலகையில் இருந்தால், அதை எடுத்து உங்கள் ஏரியலில் மாட்டிக்கொண்டு ஆன் செய்யலாம். இல்லையென்றால், வேறு யாரோ பறக்கவிடுகிறார்கள், காத்திருக்க வேண்டும். எங்கள் பெட்டி ஏழாம் நம்பர். அதன் கிளிப்பு சிவப்பு.

சித்தப்பா இதையெல்லாம் எனக்கும் விளக்கினார். எனக்கு மனதில் நின்றது கடைசி வரி மட்டும்: "கிளிப்பு மாட்டாம ஆன் பண்ணா, மேல பறக்குறது கீழ வந்துரும்."

அங்கே எல்லாரும் 'சீஃப்' என்று அழைக்கிற ஒருவர் இருந்தார். அரசாங்கத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஆள்தான், ஆனால் தமிழ் அவர் வாயில் எப்போதாவதுதான் வரும். புதிதாக வருபவர்களின் விமானத்தை முதல் தடவை அவர்தான் மேலே ஏற்றிக் கொடுக்க வேண்டும். அவர் சரி என்று சொல்லாமல் யாரும் பறக்கவிட முடியாது.

முதல் ஞாயிறு அவர் எங்கள் இறக்கையைத் தடவிப் பார்த்தார். "யாரு ஒட்டினது?"

"நான்தான் சார்."

"எது வரைக்கும் படிச்சே?"

"மூணாம் பாரம் சார்."

"ம். அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். இரண்டு நாளும் பெட்டியை ஆன் செய்யாமலே திரும்பினோம். மூன்றாவது ஞாயிறு, தன் பெரிய வெள்ளை விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது எங்கள் பக்கம் திரும்பி, "இத ஒரு ரவுண்டு விட்டுட்டு வரேன். ஒன்னோடத ரெடி பண்ணி வை" என்றார்.

சித்தப்பா பலகைக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். சிவப்புக் கிளிப்பு அங்கேதான் தொங்கியது. எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, "ஏரியல்ல மாட்டும்மா" என்று சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.

நான் மாட்டவில்லை. அது புதுக் கிளிப்பு, அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வந்தது. அதை என் கவுன் ஓரத்தில் மாட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது. சித்தப்பா திரும்பி வந்து, ஏரியலை இழுத்துவிட்டு, பெட்டியை ஆன் செய்தார். எங்கள் விமானத்தின் வால் அசைந்தது. "எடது" என்றேன்.

அதே நேரம் மேலே வெள்ளை விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்து, வெட்டிப்போட்ட செம்பனை அடிமரங்களுக்கு நடுவே தலைகுப்புற இறங்கியது. சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

எல்லாரும் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

நான் கிளிப்பைக் கழற்றிக் கையில் மூடிக்கொண்டேன்.

சீஃப்பின் நம்பரும் ஏழு. பல வருடங்களாக அந்த நம்பரில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லாததால், அவர் கிளிப்பு எடுக்கும் பழக்கத்தையே விட்டிருந்தார். இது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், நான் கிளிப்பை மாட்டவில்லை, விமானம் விழுந்தது என்பதுதான். சித்தப்பா சொன்னபடியே நடந்துவிட்டது.

சீஃப் உடைந்த இறக்கையோடு வந்தார். "யாரக் கேட்டு ஆன் பண்ணே?"

"கிளிப்பு எடுத்தேன் சார். போர்டுல ஏழு இருந்துச்சு."

"ஒன் ஏரியல்ல எங்க கிளிப்பு?"

சித்தப்பா ஏரியலைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. சீஃப்பின் ஏரியலிலும் ஒன்றும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு சீன அங்கிள் மட்டும் பலகையிடம் போய், ஏழாம் நம்பர் இடம் காலியாக இருப்பதைக் காட்டி, "சியாப்பா அம்பெல்?" என்று மலாயில் கேட்டார், யார் எடுத்தது என்று.

"நான்தான் எடுத்தேன்," என்றார் சீஃப். "ஓடுறப்ப எங்கயோ விழுந்திருக்கும்."

சித்தப்பா என் முன்னால் குந்தினார். "பாப்பா, நான் ஒங்கிட்ட குடுத்தேன்ல? செவப்புக் கலரு. ஏரியல்ல மாட்டச் சொன்னேன்ல?"

ஐந்தாறு பெரியவர்கள் என்னையே பார்த்தார்கள். கிளிப்பு என் உள்ளங்கையில் குத்தியது. கையைத் திறந்தால் எல்லாம் என்னால்தான் என்று தெரிந்துவிடும். என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சொல்லும்மா. பயப்படாத."

"இல்ல சித்தப்பா. நீங்க ஒண்ணும் குடுக்கல."

"பாத்தியா?" என்றார் சீஃப். "சின்னப் பிள்ள பொய் சொல்லுமா? ஒரு பத்து வயசுப் பிள்ளையப் போயி மாட்டிவிடப் பாக்குறியே, வெக்கமா இல்ல? இது விளையாட்டுச் சாமான் இல்லப்பா. படிச்சவங்க பழகுற விஷயம். இனிமே இந்தப் பக்கம் வராத."

வால் திரும்பும் பக்கம் சொல்வதைத் தவிர, வெளி ஆட்கள் முன்னால் நான் அவ்வளவு தெளிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சித்தப்பா இறக்கையைக் கட்டியிருந்த ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் நிலத்தை ஒட்டி ஓடிய கால்வாய் ஓரமாகப் போய்க் கையைத் திறந்தேன். கிளிப்பு சேற்றுத் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். சித்தப்பா முன்னால் பார்த்தபடியே பேசினார். "போர்டுகிட்ட போனேன். ஏழு இருந்துச்சு. கையில எடுத்தேன்…" கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தார். "எடுத்தேனா?"

நான் இறக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். விளக்கு பச்சையானது.

சாயங்காலம் அப்பா, "என்ன பைலட்டு, ஏறுச்சா எறங்குச்சா?" என்று கேட்டார்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நான்தான் கிளிப்பு எடுக்க மறந்துட்டேன்ணே. இன்னொருத்தரோடத விழ வெச்சுட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சித்தப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்காகப் பொய் சொல்கிறார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

பறக்காமலே அந்த விமானம் ஒரு வருடம் அலமாரி மேல் இருந்தது. பிறகு செராஸிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார். அம்மாவின் பெட்டி பழைய இடத்துக்கு ஏறியது. சித்தப்பா வெளியே கிளம்பினால் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கேட் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தொழிற்சாலையில் அவரை லைன் லீடராகப் போடக் கூப்பிட்டார்கள். ஸ்டோர் சாவியெல்லாம் தன்னிடம் கொடுக்க வேண்டாம், தனக்கு மறதி அதிகம் என்று சொல்லிவிட்டார். வாளிகளுக்கு மாட்டும் கைப்பிடியோடே ஓய்வு பெற்றார். அப்பா அதையும் ஒரு கதையாகச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு அவர் வந்திருந்தார். என் மகன் கூடத்தில் ஒரு சின்ன டிரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"நானும் ஒரு காலத்துல பிளேன் வெச்சிருந்தேன்டா. ஒரு கிளிப்பு எடுக்கணும். எடுத்தேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், அவ்வளவு நல்லா ஞாபகம் இருந்துச்சு. எடுக்கவே இல்ல. ஒங்கம்மா பக்கத்துலதான் இருந்தா, கேட்டுப் பாரு." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, நீதான சொன்ன?"

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அந்தக் கூடத்தில் என்னை அதட்ட ஒரு ஆள் இல்லை. "ஆமா சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, முறுக்கு எடுக்கப் போவதுபோல அடுப்படிக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துத்தான் நிம்மதியாகத் தின்றேன். அவர் பொய் சொல்லவில்லை.