மைக்கில் விழுந்த மஞ்சள் விலை

போன தை மாதம் கோவையில் ஒரு மாலில் நின்றுகொண்டிருந்தேன். மனைவியும் மகளும் துணிக்கடைக்குள் போய்விட, வெளியே பைகளுக்குக் காவல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி. திடீரென்று ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது. வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் உடனடியாக வண்டி நிறுத்துமிடத்துக்கு வரவும் என்றது ஒரு பெண் குரல். பைகளைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தேவிட்டேன்.

“எங்கீங்க போறீங்க?” என்று கடைவாசலிலிருந்து மனைவி கேட்டாள்.

“காரை எடுக்கச் சொல்றாங்க.”

“நாம வந்தது ஆட்டோவுலீங்க.”

மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். ஒலிபெருக்கியில் யாரையாவது கூப்பிட்டால் நான் பதறி ஓடுவது இன்று நேற்றல்ல, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து. அதற்கு மூலகாரணம் மஞ்சள்.

சமையலறையில் டப்பாவில் இருக்கிறதே, அந்தப் பொடியை வைத்து மஞ்சளின் வாசத்தை எடைபோடாதீர்கள். வேகவைத்து, களத்தில் காயவைத்து, சாக்கில் கட்டி அடுக்கிய விரலி மஞ்சளுக்கு வேறு வாசம். ஈர மண், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் கற்பூரம், எல்லாம் சேர்ந்த மாதிரி இருக்கும். கோவை டவுன்ஹால் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியின் மாடிப்படியில் கால் வைத்தாலே அது மூக்கில் ஏறும். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். எனக்குச் சட்டைக் காலர் மஞ்சள், நகக்கண் மஞ்சள், பனியனைத் துவைத்தால் வாளித் தண்ணீர் மஞ்சள். பெண் பார்க்கப் போனபோது, பையனுக்குக் காமாலை கீமாலை கண்டிருக்கிறதா என்று என் மாமனார் தரகரைத் தனியே தள்ளிக்கொண்டு போய் விசாரித்தாராம்.

முதலாளியின் பெயர் ரங்கசாமி. வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் நம் கொங்குத் தமிழ், போனில் இந்தி. அவருடைய அப்பா காலத்தில் அது வெறும் வெல்ல மண்டி. இவர்தான் மஞ்சளில் இறங்கி, பிறகு வாயிதா வியாபாரத்தில் கால் வைத்தவர். வாயிதா என்றால் பயப்பட வேண்டாம். இன்றைக்கு விலை பேசி முடித்துக்கொள்வது, சரக்கையும் பணத்தையும் இரண்டு மூன்று மாதம் கழித்து மாற்றிக்கொள்வது. நடுவில் விலை ஏறினால் வாங்கியவன் சிரிப்பான், இறங்கினால் விற்றவன் சிரிப்பான். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தேர்த்திருவிழா தேவைப்பட்டது என்பதுதான் சோகம்.

எங்களுக்காக வாயிதா பேசும் தரகர் மகாராஷ்டிரத்துச் சாங்லியில் இருந்தார். தினமும் காலையில் எஸ்.டி.டி. போட்டு அவரிடம் விலை கேட்டு எழுதி வைப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் எண்கள்தான். அவர் வேறு என்ன சொன்னாலும் “அச்சா” போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பேன். என் குடும்பம் நலமா என்று அந்த மனிதர் மூன்று வருடம் கேட்டிருக்கலாம். நான் அச்சா என்றே சொல்லியிருப்பேன்.

எந்த விலைக்கு வாயிதா வாங்கியிருக்கிறோம், விற்றிருக்கிறோம் என்ற கணக்கு முதலாளியின் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டில் இருக்கும். அதுவும் தெலுங்கில் இருக்கும். ஆக, விலை எனக்குத் தெரியும். அந்த விலை எங்களுக்கு நல்லதா கெட்டதா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புளியம்பட்டி, சத்தி, கொடுமுடிப் பக்கத்து விவசாயிகள் மஞ்சளைக் கொண்டுவந்து கிடங்கில் இறக்குவார்கள். விலை பேச மாட்டார்கள். “வெலை வாரப்ப சொல்லி உடுங்க” என்று துண்டை உதறிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ரசீது கேட்டால் முதலாளி மனம் நோகுமாம். மூட்டைமேல் ஊரையும் பேரையும் கரியால் எழுதி வைப்போம். மூன்று மூட்டைக்கு ஒரு மூட்டையில் ரங்கசாமி என்றிருக்கும். காரமடை ரங்கநாதரை நம்பிப் பெயர் வைத்த காலம் அது. கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூட்டைகளில் இருபது என் அப்பாவுடையவை.

மாசித் தேருக்கு முதலாளி வருடம் தவறாமல் காரமடை போவார். தோல்பையில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிற சேவை அவர்கள் குடும்பத்து வேண்டுதல். அந்த வருடமும் ஆபீஸ் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, “போன மட்டும் பாத்துக்க கண்ணு” என்று கிளம்பினார்.

பார்த்துக்கொண்டேன். ஒன்பதரைக்குச் சாங்லி விலை முந்தின நாளைவிட இறங்கியிருந்தது. பத்துக்கு இன்னும் இறங்கியது. பத்தே காலுக்குத் தரகர் தானே கூப்பிட்டு, இன்னும் சின்னதாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, நீளமாக ஏதோ கேட்டார். நான் அச்சா என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தேன்.

நான் மஞ்சள் விவசாயி மகன். மஞ்சள் விலை விழுந்த அன்று எங்கள் வீட்டில் ரேடியோ பாடாது. அம்மா குழம்பில் உப்புப் போட மறந்துவிடுவாள். விலை விழுவது யாருக்காவது நல்ல செய்தியாக இருக்க முடியும் என்பது என் ரத்தத்திலேயே கிடையாது. கீழே கிடங்கு நிறைய மூட்டை, மேலே விழுகிற விலை. கம்பெனி முழுகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

செல்போன் வராத காலம். முதலாளி புதிதாகப் பேஜர் வாங்கியிருந்தார். பேஜர் ஆபீஸுக்குப் போன் போட்டு, ‘விலை விழுகிறது, உடனே பேசவும்’ என்று செய்தி சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அவருடைய மேஜை டிராயருக்குள்ளிருந்து கீ கீ என்று சத்தம் வந்தது. சாமி காரியத்துக்கு எதற்கு என்று உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். விலை மேற்கொண்டு விழாமலிருக்க ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன். ஆபீஸைப் பூட்டினேன். காந்திபுரம் ஓடி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொற்றினேன்.

காரமடையில் இறங்கினால் நாமம். எங்கு பார்த்தாலும் நெற்றி நிறைய நாமம், நனைந்த வேட்டி, தோளில் தோல்பை. மூன்று வருடம் சம்பளம் கொடுத்தவரின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேரின் தோளைத் தட்டி “மொதலாளி” என்றேன். ஒருவர் என் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மைக் செட் மேடை கண்ணில் பட்டது. காணாமல் போன குழந்தைகளை அறிவித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

“ரங்கசாமின்னு ஒருத்தரைக் கூப்பிடோணுமுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏந் தம்பி, இன்னிக்கு இந்த ஊர்ல ரங்கசாமின்னு கூப்புட்டா தேரு ஒண்ணுதான் அங்க நிக்கும், மத்த எல்லாரும் இங்க வந்துருவாங்க. அடையாளம் சொல்லு.”

“கோயமுத்தூர் மஞ்சள் கம்பெனி ரங்கசாமிங்க.”

“அதுலயும் நாலு பேரு இருப்பாங்க. என்ன காரியம்னு சொன்னாத்தான அவருக்குத் தெரியும்?”

நியாயமாகத்தான் பட்டது. காரியத்தைச் சொன்னேன். மனிதருக்கு நல்ல குரல்வளம். சிவப்புச் சட்டை போட்ட நாலு வயதுப் பையனுக்கு அடுத்ததாக, ஊரெல்லாம் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் என் காரியம் முழங்கியது:

“கோயமுத்தூர் மஞ்சள் கம்பெனி ரங்கசாமி அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். மஞ்சள் விலை விழுந்துவிட்டது. கம்பெனி ஆபத்தில் இருக்கிறது. உங்கள் ஆள் இங்கே அழுதுகொண்டிருக்கிறார்.”

நான் அழவில்லை. அது அவர் சேர்த்தது. மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரத்துக்குள் அழ ஆரம்பித்திருந்தேன் என்பதும் உண்மை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் மஞ்சள் போடுகிறவர்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

முதலில் வந்த மூன்று ரங்கசாமிகள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நாலாவது ஆள் புளியம்பட்டி ரங்கசாமி. எங்கள் கிடங்கில் அவருக்கு நாற்பது மூட்டை. அவர் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோருடைய பெயரையும் நானே கரியால் எழுதியிருக்கிறேன்.

“ஏனுங் தம்பி, கம்பெனி போச்சுங்களா? என்ற மஞ்சள் அங்கதானே கெடக்குது? புள்ளைக்கு வைகாசில கண்ணாலமுங்க.” அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கையிலிருந்த வாழைப்பழத்தைத் தின்னவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். சொட்டச் சொட்ட ஈரம், தோளில் தோல்பை.

“என்ன கூத்து இது?”

“வெலை விழுந்துபோச்சுங்க. நாம முழுகிட்டமுங்க.”

என் சட்டையைப் பிடித்து மேடை ஓரத்துக்கு இழுத்தார். காதோடு காதாக, “ஏண்டா, நாம போன மாசமே மேல் வெலைக்கு வாயிதா வித்துப்போட்டு ஒக்காந்திருக்கறோம். வெலை விழுந்தா நமக்கு லாபம்டா, மடையா” என்றார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வேறு மனிதனாகியிருப்பேன். சந்தோஷம் தாங்காமல், “லாபமுங்களா!” என்று கத்திவிட்டேன்.

மேடை ஓரத்தில்தான் மைக் இருந்தது.

‘லாபமுங்களா’ தேர்வீதி முழுக்கப் போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் தாமதமாக இன்னொரு தரம் திரும்பி வந்தது. புளியம்பட்டி ரங்கசாமி முதலாளியைப் பார்த்தார்.

“எங்க மஞ்சள் வெலை விழுந்தா, உங்களுக்கு லாபமுங்களாண்ணா?”

அண்ணா என்றுதான் கூப்பிட்டார். அந்த ‘ங்க’வும் போகவில்லை. திட்டியிருந்தால் முதலாளி பதிலுக்குத் திட்டியிருப்பார். ரசீது கேட்காமல் போட்டுவிட்டுப் போன மூட்டைகள் எல்லாம் அங்கே பெயரும் முகமுமாக நின்றுகொண்டிருந்தன. ஒருவர் “நாளைக்கு வண்டி கொண்டாந்து எடுத்துக்கறோமுங்க” என்று சொல்லிவிட்டால், அடுத்தவரும் சொல்வார். சாயங்காலத்துக்குள் அப்பனும் மகனுமாக அறுபது வருடம் சேர்த்த பேர் தீர்ந்துபோகும்.

முதலாளி தோல்பையை இறக்கி வைத்தார். நாமம் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

“லாபந்தானுங்க. ஆரோட லாபம்? கெடங்குல கெடக்கறது உங்க மஞ்சள். அதுக்குத்தான் போன மாசமே நான் மேல் வெலை பேசி வெச்சுப்போட்டேன். அந்த வெலைதான் உங்களுக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. விக்க மனசில்லாதவங்க மூட்டைய எடுத்துக்கங்க.” பிறகு மைக் பெரியவரைப் பார்த்து, “இதையும் சொல்லிப்போடுங்க, மூணு தரம்” என்றார்.

சொன்னார். அதற்குப் பிறகுதான் புளியம்பட்டிக்காரர் அந்த வாழைப்பழத்தைத் தின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் முதலாளி பெரியநாயக்கன்பாளையம் வரை நாமத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, “உன்ற ஒரு சத்தத்துக்கு எத்தனை செலவு தெரியுமா கண்ணு?” என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஒருவரும் மூட்டையை எடுக்கவில்லை. அடுத்த மாசியில் சரக்கு வைக்க இடம் போதாமல் பக்கத்துக் கிடங்கையும் வாடகைக்குப் பிடித்தோம். எங்கள் அப்பா மட்டும் ரொம்ப நாள், “அந்த மனுசன் உன்னைய இன்னும் வேலைல வெச்சிருக்கறாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலையில்தான் வைத்திருந்தார். ஆனால் போனுக்கு மேலே ஒரு சிலேட்டை மாட்டினார். தினமும் காலையில் அதில் எனக்காகச் சாக்பீஸால் எழுதுவார்: ‘இன்னிக்கு விழுந்தா சிரி.’ சில நாள்: ‘இன்னிக்கு விழுந்தா அழு.’ அவர் வெளியூர் போகும் நாளில் மட்டும்: ‘எது நடந்தாலும் எங்கயும் போகாதே.’

அந்த மேல் விலையை விவசாயிகளுக்குக் கொடுப்பதென்று அவர் முன்பே நினைத்திருந்தாரா, இல்லை மைக்கைப் பார்த்தபின் நினைத்தாரா? பல வருடம் கழித்து ஒருநாள் துணிந்து கேட்டேன். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, “நோட்டுல எழுதியிருக்குது, படிச்சுக்க” என்றார். எனக்கு இன்றைக்கும் தெலுங்கு தெரியாது.

அப்புறம் கம்ப்யூட்டர் திரை வந்தது. விலை வினாடிக்கு ஒரு தரம் நிறம் மாறியது; அதற்குச் சிலேட்டில் எழுதி மாளவில்லை. முதலாளி காலமான பிறகு, மகன் கிடங்கை விற்று ஏ.சி. அறையில் நாலு திரையோடு உட்கார்ந்தார். அங்கே ஒரு விரலி மஞ்சளைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் விலகி வந்தேன். பிறகு அதுவும் மூடப்பட்டது. டவுன்ஹால் பக்கத்துக் கட்டடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். படியேறிப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். ரப்பர் வாசம்.

மாலில் காரை எடுக்கப் போன அன்றே முடிவு செய்தேன். இந்த மாசிக்குக் காரமடை போனேன். மைக் செட் மேடை அதே இடத்தில் இருந்தது. மைக்கில் ஓர் இளைஞன். எனக்குப் பழைய குறும்பு தலைதூக்கியது.

“தம்பி, ரங்கசாமின்னு ஒருத்தரைக் கூப்பிடோணுமே.”

அடையாளம் என்ன என்று அவன் கேட்கவே இல்லை. கூப்பிட்டான். தேர் நிற்கும், ஊரே திரளும் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம் யாரும் வரவில்லை.

“இப்பல்லாம் ஆருங்க அந்தப் பேரு வெக்கறாங்க?” என்றான் அவன்.

கடைசியில் ஒரே ஒருவர் வந்தார். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. புளியம்பட்டிக்காரர். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தார்.

“என்ன கண்ணு, மறுக்காவும் வெலை விழுந்துபோச்சா?”

“விழுந்துபோச்சுங்க” என்றேன்.

“விழுந்துட்டுப் போகுது உடு. காடெல்லாம் வீட்டு சைட்டாயிப்போச்சு. நம்மகிட்ட எங்க இருக்குது மஞ்சள்?”