அது வேறு வருத்தம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நானும் என் மனைவியும் திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஓர் அறை எடுத்துத் தையல் வேலை செய்தோம். கப்பற்படைக்காரரின் காக்கிக் காற்சட்டைகள் குவியல் குவியலாக வரும். மெஷினில் நான் இருப்பேன். அவள் குனிந்த தலை நிமிராமல் காஜா எடுப்பாள், தெறிப் பொத்தான் கட்டுவாள். பொழுதுபடும்போது அவளுக்குப் பிடரி கல்லாகிவிடும். தையற்காரருக்கு இது உள்ளதுதான் என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் விமானங்கள் குண்டு போட்ட அன்று காலையில் சனமெல்லாம் வடக்கே ஓடியது. நான் எங்கள் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு துணிப் பொதியையும் எடுத்தேன். மெஷினின் மேற்பாகத்தைக் கழற்றி அவள் தலையில் ஏற்றினேன். அத்தனையும் இரும்பு. பிழைப்பு அதில்தானே இருந்தது! சல்லிக் கிராமம் வரைக்கும் சுமந்தாள். வழியில் ஒருதரம், "கழுத்துக்குள்ளை ஏதோ சுண்டினமாதிரிக் கிடக்கு" என்றாள். "நட, நட" என்றேன்.

திரும்பி வந்தபின் அவளுடைய வலக்கை விரல்கள் விறைக்கத் தொடங்கின. ஊசி நழுவியது. தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. சண்டைக்காலத்தில் இன்னொரு கோப்பைக்கு எங்கே போவது என்று ஏசினேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

வைத்திய விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. கழுத்து நோவுக்கு ஆஸ்பத்திரி, கை விறைப்புக்கு நாட்டுவைத்தியம் பார்க்கும் பரியாரியார் என்று பிரித்துக்கொண்டேன். டாக்டரிடம் எண்ணெய்க் கதை எடுத்தால் ஏசுவார். பரியாரியாரிடம் ஆஸ்பத்திரிக் கதை எடுத்தால் முகம் கறுப்பார். எதற்கு வம்பு? ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சுவிடவில்லை. டாக்டர் பூசுமருந்து தந்து, குனிந்து தைக்கவேண்டாம் என்றார். பரியாரியார் வாய்வு என்று கசாயம் தந்து, விரல்வரை எண்ணெய் போட்டு உருவினார். அவரவரிடம் சொன்னதற்கு அவரவர் சரியாகத்தான் மருந்து செய்தார்கள். சொன்னவன் நான். ஆம்பிளை நோயைப் பற்றிக் கதைக்க, வருத்தக்காரி சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பதுதான் அப்போதைய வழக்கம். அவளும் நின்றாள்.

பல மாதங்கள் போனபின் ஒருநாள் டாக்டர் அவளுடைய தலையை மெல்லச் சாய்த்துப் பார்த்தார். அவள் வலக்கையைப் பிடித்துக்கொண்டு துடித்துப்போனாள்.

"கை எப்ப தொடக்கம் இப்பிடி?" என்று அவளைக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "அது வேறை வருத்தம் ஐயா. அதுக்கு வேறை இடத்திலை மருந்து எடுக்கிறம்."

அவர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. மெஷினைச் சுமந்தது, சுண்டியது, விறைத்தது, இரவில் கையைத் தொங்கப்போட ஏலாமல் குந்தியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சதைப்பிடிப்பு ஒண்டு. எலும்பு நரம்பை நெரிக்கிறது இன்னொண்டு. ரெண்டும் ஒரே கழுத்திலைதான். விறைச்ச உடனை தெரிஞ்சிருந்தால் கழுத்தை அசையாமல் வைச்சுப் பாத்திருக்கலாம். இனி நோ குறையும். விரலுக்குப் பழைய பலம் வருமெண்டு என்னாலை சொல்ல ஏலாது."

அப்படியே நடந்தது. கழுத்துக்குப் பட்டி கட்டினாள், நோவு தணிந்தது. ஆனால் அந்தக் கை பிறகு ஊசி பிடிக்கவில்லை. மகளின் தலையைக்கூடப் பின்னிவிட ஏலாமல் போயிற்று.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எனக்கு வெட்கமும் ஆத்திரமும். பழியை யார் தலையிலாவது போடவேண்டியிருந்தது. "கை விறைச்சால், நீயெண்டாலும் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று நடுத்தெருவில் அவள்மேல் பாய்ந்தேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை.

"சொன்னனான்தானே," என்றாள். "உங்களிட்டை."