ஐம்பதுக்கு ஐம்பதும் மேரி அக்காவின் விரல்களும்

இன்று எனக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள்! (நாற்பது வயதில்!)

திருவொற்றியூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறேன். வெளி உலகத்துக்குப் போக எங்களுக்கு இரண்டு லிங்க். எது எதில் போக வேண்டும் என்பதை பி.ஜி.பி. என்ற ரூட்டிங் முறையில் எங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு லிங்க் நிரம்பி வழியும், இன்னொன்று சும்மா கிடக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

போன வாரம், வெளியே போகும் டேட்டாவைத் துண்டு துண்டாக, இதில் ஒன்று அதில் ஒன்று என்று பிரித்துவிட்டேன். கிராஃபில் சரிபாதி! ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் கூட வைத்தேன். (பெருமை யாரை விட்டது!)

மறுநாளே ஒரு கம்ப்ளெயின்ட்.

தேரடி பக்கம் தையல்கடை வைத்திருக்கும் மேரி அக்கா. காது கேட்காது, சைகையில்தான் பேசுவார். மகள் ஜெனி கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அம்மாவும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள்.

லைன்மேன் பாபு அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஸ்பீடு சோக்கா கீதும்மா. பொண்ணு மூஞ்சி பளிச்சுனு தெரியுது. அக்காதான் சும்மா பேஜார் பண்ணுது.”

நானும் கம்ப்ளெயின்ட்டை மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஜெனியே ஆபீசுக்கு போன் செய்தாள்.

“அக்கா, நான் பேசறது அம்மாவுக்குத் தெரியுது. அம்மா பேசறதுதான் எனக்குத் தெரில. கைய தூக்குறாங்க, படம் நின்னுடுது, திரும்ப வந்தா கை கீழ கீது. நடுவுல இன்னா சொன்னாங்கனே தெரில.”

“டைப் பண்ணச் சொல்லேன்மா.” (இப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது!)

போனிலேயே அழுதுவிட்டாள்.

“அம்மா ‘சாப்ட்டியா’னு கேக்கறத பாக்கணும்க்கா. எனக்கு நர்சிங்லாம் வேணாம். நான் வூட்டுக்கே வந்துடறேன்.”

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் சோதித்தது உள்ளே வருவதை. நான் கைவைத்ததோ வெளியே போவதில்!

இரண்டு லிங்க்கும் ஒரே வேகம் இல்லை. அக்காவின் ஒரு கையசைவு துண்டுதுண்டாகி, பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஃபைல் அனுப்பினால் அந்தப் பக்கம் வரிசைப்படுத்திக்கொள்ளும். முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு அந்த அவகாசம் ஏது?

உடனே மாற்றினேன். ஒரு கால் ஆரம்பித்தால் முடியும்வரை ஒரே லிங்க். அடுத்த கால் வேண்டுமானால் அடுத்ததில் போகட்டும்.

இன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் பாபு அண்ணனோடு கடைக்கே போனேன். போனில், வீடியோ காலில் ஜெனி. அக்காவின் விரல்கள் படபடவென்று ஓடின.

“இன்னா சொல்லுது அம்மா?” என்றார் பாபு அண்ணன்.

“திட்டுதுண்ணா! தலைக்கு எண்ணெய் வைக்கலியாம், எளச்சுட்டேனாம். ஒண்ணு வுடாம தெரியுது!” ஜெனி சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்கும் கண்ணாடி நனைந்துவிட்டது. கழற்றித் துடைத்து மாட்டி, மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்து, இல்லாத கண்ணாடியை இரண்டு முறை மூக்கில் ஏற்றிவிட்டார்.

“அக்கா, அதுதான் இனிமே சைகைல உங்க பேரு! புடிச்சவங்களுக்குத்தான் அம்மா பேரு வைக்கும்!” என்று கத்தினாள் ஜெனி.

கிராஃப் இப்போது அறுபதுக்கு நாற்பது. மேனேஜர் கோணலாக இருக்கிறது என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி எந்த செட்டிங்கை மாற்றினாலும் முதல் வீடியோ கால் மேரி அக்காவுக்குத்தான். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லும் கை முழுசாக வருகிறதா என்று பார்ப்பேன். (அந்த ஒரு சைகையை மட்டும் இன்றே கற்றுக்கொண்டாயிற்று!)