பதுளை விடுதிச் சுவரில் ஒரு நீலச் சட்டை

எனக்கு ஓவியப் பைத்தியம். கொழும்பில் கணக்கு வேலை, ஞாயிறுகளில் தூரிகை. பதுளையில் ஒரு சின்ன விடுதியில் அசல் இம்பிரஷனிச பாணியில் ஒரு படம் தொங்குகிறது என்று நண்பன் சொல்ல, போன தீபாவளி லீவில் கிளம்பிவிட்டேன். மழைக்காலத்தில் போனது என் மடத்தனம். பண்டாரவளையிலிருந்து முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கிழங்கு மூட்டைகளுக்கு இருக்கை கிடைத்தது, எனக்கு நிற்கத்தான் இடம்.

அறை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. படம் சாப்பாட்டறைச் சுவரில் இருக்கிறது. எதிர்ச் சரிவிலுள்ள ஒரு சந்து: தகரக் கூரைகள், நனைந்த படிகள், கொடியில் துணி. முதலாளியின் தம்பி மாடி வராந்தாவிலிருந்து வரைந்தாராம். தள்ளி நின்றால் சந்து மழையில் நனைகிறது; கிட்டப் போனால் வெறும் வர்ணத் திட்டுகள். பொறாமையாக இருந்தது. அந்தச் சந்து தெரிகிறதா என்று ஜன்னல் வழியே தேடினேன். அங்கே சிவப்பு மண்தான் கிடந்தது.

சமையல்கட்டில் வேலை செய்யும் செல்வமணி அக்கா விஷயத்தைச் சொன்னார். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். அதற்கு முந்தின வருட மழையில் மண் சரிந்தபோது அவர் விடுதியில் வேலையில் இருந்தார். சந்தையில் மூட்டை தூக்கும் கணவர் வீட்டில் இருந்தார். அடுத்த வாரம் வருடத் திதி. வைத்துக் கும்பிட ஒரு போட்டோ இல்லை. போன், அடையாள அட்டை, கல்யாண ஆல்பம் எல்லாம் மண்ணுக்குள். உறவுக்காரர் வீட்டு விசேஷப் படங்களிலும் தேடியாயிற்று. பந்தி பரிமாறும் முதுகுதான் அகப்பட்டது.

ஓவியத்தில் கடைசி வீட்டு வாசலில் நகமளவு ஒரு நீலத் திட்டு. "அது அவருதாங்க. காலையில அந்தப் படியிலதான் நிப்பாரு," என்றார். அதைப் போனில் எடுத்துத் தந்தால் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசாக்கிக்கொள்வாராம். வரைந்தவரே முகம் வைக்கவில்லை, பெரிசாக்கினாலும் வராது என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் அடையாள அட்டையிலுள்ள தபால்தலை அளவுப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்துச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஆக்குகிறார்கள். "எங்க மாமியாரு மூஞ்சி இதவிடச் சின்னதுங்க. அதுலயே மூக்குத்தி தெரிஞ்சுச்சு."

எடுத்துக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் மண்சரிவு எச்சரிக்கையை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். படம் பார்க்கக் காலை வெளிச்சம் நல்லது, முதலாளி காசு கேட்கமாட்டார். அந்தச் சரிவின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். இரண்டு பேர் எடுத்ததைப் பார்த்தேன், அறையலாம் போல இருந்தது.

மறுநாள் ஊர் திரும்புமுன் அக்காவோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். படம் சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. கொடுத்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு முழ உயரத்துக்கு நீலம், அதன்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். அக்கா மடியில் வைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தார். அழவில்லை. வெறும் படமாக வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தார். விரல் கண்ணாடிக்கு அருகே போய் நின்றுவிட்டது.

"நெத்தி எதுங்க தம்பி? நீங்க படம் வரையிறவருதானே, சொல்லுங்க."

அந்தத் தவிட்டு நிற இழுப்பில், கொஞ்சம் மேலே, ஓரிடத்தைக் காட்டினேன்.