மாமனாரும் நோயாளி மீன்களும்

மீன் வைத்தியத் தொழிலில் ஒரு வசதி உண்டு. நோயாளி நாள் முழுக்க வாயைத் திறந்து மூடினாலும் நம்மைப் பற்றிக் குறை சொல்வதில்லை. அந்த வேலையை மீனோடு வருகிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். மீனும் தொட்டியும் விற்பதோடு, வீடுகளுக்குப் போய் நோய்ப்பட்ட மீனையும் கெட்டுப்போன தண்ணீரையும் சரிசெய்து கொடுப்பேன். என் மாமனார் கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர். எங்கள் பள்ளிவாசலின் தலைவரும் அவர்தான். மகளைக் கட்டியவன் மீனுக்கு மருந்து கொடுத்துப் பிழைக்கிறான் என்று வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் இந்தத் தொழிலில் நான் மரியாதையாக ஒரு பெயர் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையை மூடிவிட்டு அவரிடம் துணி அளக்க வந்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. சொந்தக்காரர் முன்னால் தொழிலின் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போகிற அன்பர்களே, நான் மரியாதை சம்பாதித்த விதத்தைக் கேளுங்கள்.

சஹனில் ஒரு கேள்வி

மனைவியின் தங்கைக்குக் கலியாணம். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் சாப்பாடு. என் சஹனில் மாமா, மாப்பிள்ளையின் வாப்பா, அவர்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள். புரியாணியில் கை வைத்ததும் போன் அடித்தது. கம்பளையிலிருந்து ஒரு வாடிக்கையாளர். அவருடைய ஏஞ்சல் மீன் தீனியைத் துப்புகிறதாம். வயிற்றில் புழு இருக்கிறதா என்று அறிய மீனின் கழிவைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். மண்டபத்தில் ஒரே இரைச்சல், அதனால் உரக்கவே கேட்டேன்: "வெளிக்குப் போறது வெள்ளையா? நூல் மாதிரி தொங்குதா, அறுந்து விழுதா?"

சோற்றில் இருந்த ஐந்து கைகளும் அப்படியே நின்றுவிட்டன. மாப்பிள்ளையின் வாப்பா தண்ணீர்க் கோப்பையைத் தேடினார். எனக்கு எங்காவது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மாமா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மருமகன், புடவக் கடையில யாரும் இதக் கேக்க மாட்டாங்க."

சுத்தமான வீடு

பேராதனையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அரசாங்க உத்தியோகத்தர். புடவைக் கடையின் பழைய வாடிக்கை என்பதால் மாமாவே என்னை அனுப்பிவைத்தார். அந்த அம்மாவின் தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வீடும் பளிச், தொட்டியும் பளிச். சனிக்கிழமை தோறும் தண்ணீரை ஒட்ட இறைத்து, கல்லையெல்லாம் தேய்த்து, பில்டர் பஞ்சையும் குழாயில் பிடித்து அலசுவாராம்.

கோளாறு அதில்தான். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கிற நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பிறகு கழிவே நஞ்சாகி மீனைக் கொல்லும். இதையெல்லாம் வகுப்பு எடுப்பதுபோல் விரலை நீட்டி விளக்கிக்கொண்டே போனேன். அவருடைய கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் விரலை மடக்கினேன். மிஞ்சியிருந்த ஒரே மீனைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "அப்ப தம்பி, நான் வடிவாப் பாத்தபடியாத்தான் அதுகள் செத்தது எண்டு சொல்லுறியள், என்ன?"

போத்தல் தண்ணீர்

தெல்தோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். என்னிடம் வாங்கிய கப்பி மீன்கள் சோர்ந்துபோய்ச் செவுள் சிவந்து கிடக்கின்றன என்றார். முதலில் தண்ணீர், பிறகுதான் மீன் என்பது என் கொள்கை. யாராக இருந்தாலும் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்வேன். அவரும் ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார், மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர். கழிவு நஞ்சைக் காட்டும் சோதனைத் துளியை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாகியதோடு நின்றது. பச்சையானால்தான் நஞ்சு என்று, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று, அவர் மீன் வாங்கிய என் கடைத் தொட்டியிலும் கொஞ்சம் மொண்டு அதே துளியை விட்டேன். கரும்பச்சை. ஆசிரியர் தன் போத்தலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப மருந்த ஒங்க தொட்டியிலதான் ஊத்தணும் போல இருக்குங்க."

பள்ளிவாசல் ஹவுழ்

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில் மாமா கூப்பிட்டனுப்பினார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ செய்கிற பெரிய தண்ணீர்த் தொட்டிதான் ஹவுழ். கடிக்கிற நுளம்பு தண்ணீரில் பெருகாமலிருக்க அதில் மீன் விட்டிருக்கிறோம். அவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உடம்பில் வெள்ளைப் படலம். சுற்றி நின்ற பெரியவர்களிடம் மாமா, "இவர் என்ட மருமகன். மீன் விஷயத்துல கண்டியில இவர விட்டா ஆள் இல்ல" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயால் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரைச் சோதிக்கவில்லை, அதில் ஏதும் போட்டீர்களா என்று கேட்கவில்லை. பூஞ்சணம் என்று அடித்துச் சொன்னேன். மீன்களைப் பிடித்து வாளியில் விட்டுக் கொடுக்க வேண்டிய நீல மருந்தை ஹவுழிலேயே போத்தலோடு கவிழ்த்தேன்.

ஹவுழின் உள்ளே பதித்திருப்பது நீல ஓடு. ஆகையால் ஜும்மாத் தொழுகைக்கு நேரத்தோடு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மௌலவிதான் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, தண்ணீரின் நிறம் மாறிவிட்டது, இதில் வுழூ சேராது, செய்தவர்கள் குழாயில் திரும்பச் செய்யுங்கள் என்றார். பின்பக்கத்துக் குழாய்களில் ஊரே வரிசை கட்டியது. குத்பா பிரசங்கம் பிந்தியது. மாமாவும் வரிசையில் நின்றார். வெள்ளைச் சேர்ட்டின் இரண்டு கைமடிப்பும் நீலம். தொழுகைக்குப் பாங்கு சொல்பவர் என்னருகே வந்து, நேற்று ஹவுழைக் கழுவிக் குளோரின் தூள் போட்டதைச் சொல்லத்தான் வந்ததாகவும், நான் பேச இடம் கொடுக்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். மீனுக்கு நோயே இல்லை, குளோரின்தான் சுட்டிருக்கிறது. அன்று தொழுகையில் என் மனம் மாமாவின் கைமடிப்பை விட்டு நகரவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மீன்களைக் கடைக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் விட்டேன். மருந்தில்லாமலே தேறிவிட்டன. பெருநாள் தொழுகை முடிந்ததும் நானாகவே மாமாவிடம் போனேன். கடையை மூடிவிடுகிறேன், எப்போது வந்து சேரட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் நீலம் இன்னும் போகவில்லை. கையை விட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க மீனோடயே இரிங்க மகன். என்ட கடையில வெள்ளத் துணி நெறைய இரிக்கி."

ஆக, மீன் வைத்தியனாகவே இருந்துகொள்ள எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது, வேறெந்தத் தொழிலுக்கும் லாயக்கில்லை என்ற நற்சான்றிதழோடு.