முரண்டு மேடம்

கதவை ஒற்றை விரலால் தள்ளுகிறார். பாதி திறந்ததும் அதே விரலால் நிறுத்துகிறார். பிறகுதான் உள்ளே நுழைகிறார். சுழல்நாற்காலி, தண்ணீர்க்குழாயின் திருகு, எதையும் விட்டுவைப்பதில்லை. "எடை வேற, முரண்டு வேறங்க. கிளம்ப எவ்வளவு அடம் பிடிக்குது, நிக்க எவ்வளவு அடம் பிடிக்குது, அதுதான் என் பொழப்பே" என்பார். பட்டறை வைத்த பெயர் 'முரண்டு மேடம்'. அது தெரிந்தும் அவருக்குக் கோபமில்லை.

பட்டறையில் செய்யும் எந்திரங்களில் திருகுதண்டு சுழன்றால் அதன்மேல் உள்ள மேசை நகர வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு எந்த மோட்டார் என்று கணக்குப் போடுவது அவர். மாட்டுவது ஃபிட்டர். கணக்கை முடித்ததும் மேடம் அதை அழித்துவிட்டு, நிற்பதில் தொடங்கிக் கிளம்புவதுவரை தலைகீழாகப் போடுவார். அடேயப்பா, அதுவும் அச்சாக அதே மோட்டாரில் வந்து சேரும்! ஃபிட்டருக்கு இன்றுவரை மலைப்புத் தீரவில்லை.

இப்போது செய்வது, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது நோயாளி படுக்கும் கட்டில். கொஞ்சம் தள்ளி நின்றாலும் கதிர் நல்ல சதையைச் சுட்டுவிடும். அடுத்த மாதம் அதில் படுக்கப்போகிறவர்களில் ஃபிட்டரின் மனைவியும் ஒருத்தி. கவலையில் ஃபிட்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னும் பெரிய மோட்டாராப் போட்டுடுங்க மேடம், புண்ணியமாப் போகும்."

"பெருசுக்கு முரண்டும் பெருசுண்ணே. நில்லுன்னா முதல்ல அதுவே நிக்காது. அடியில சுத்துற தண்டோட முரண்டுதான் நமக்குத் தலைவலி. அண்ணியை நகத்துறதெல்லாம் ஜுஜுபி."

சோதனை நாளில் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினார்கள். கட்டில் வழுக்கிப் போய் நின்றது. அளவுக்கருவியின் முள் குறித்த கோட்டிலேயே இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் மட்டும் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்.

"ஏன் மேடம்? அதான் நின்னுடுச்சே!"

"மணல் மூச்சு விடாதேண்ணே."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஃபிட்டர் பொத்தானை அழுத்தினார். கட்டில் போய் நின்றது. முள் இம்மியும் அசையவில்லை.

"நின்னுடுச்சு மேடம்!" என்றார் ஃபிட்டர்.

மேடம் கண்ணைத் திறக்கவில்லை. பயந்துபோன நோயாளி எப்படி மூச்சு வாங்குவாளோ அப்படி நெஞ்சு ஏறி இறங்க வேகவேகமாக மூச்சு விட்டபடி, இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கையை ஆட்டினார்.