வைத்தியச்சியின் சபதம்

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. பிளாஸ்டரில் வார்த்த மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் இரும்புச் சட்டத்தில் பூட்டி, நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கவிட்டு, எங்கே கறை படுகிறதோ அங்கே மட்டும் தேய்ப்பாள். மயிரிழை உயரம் கூடினாலும் போட்டுக்கொள்பவருக்குச் சோறு இறங்காது. மேலாளர் வந்து, "போதும்மா, அனுப்பிவிடு" என்றால், "இன்னும் ஒரு தடவை கடிக்கவிட்டுப் பாத்துடறேன் சார்" என்பாள். கூடத்தில் அவளுக்குப் பெயரே நீலத்தாள்தான்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பிரேக்கை மிதித்தே பழகிய கால் அவனுக்கு. கல்யாணமான இரண்டாம் வருடம் அவன்தான் அவளை அந்த விளையாட்டுக்கு அழைத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் நண்பரின் மருந்துக்கடை மாடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேசை. மருந்துக்கடைக்காரர் கதையை நடத்துவார். கோட்டையும் குகையும் பூதமும் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அந்த ஆளாகவே பேசி, அந்த ஆளாகவே முடிவெடுக்க வேண்டும். அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். யார் எதைச் செய்யலாம், எதைச் செய்தால் என்ன இழப்பு என்பதை விதிப்புத்தகம் சொல்லும்.

கணவன் வாள்வீரன். கேபிள் இணைப்புக் கொடுக்கும் ஆறடி ஆசாமி ஒருவன் குள்ளன் பாத்திரம் எடுத்ததால் தெருவிலும் அவனைக் குள்ளன் என்றே கூப்பிட்டார்கள். அவள் எடுத்தது வைத்தியச்சி. தொட்டால் காயம் ஆறும். அந்த வரத்துக்கு விலையாக ஒரு சபதம் உண்டு: சரணடைந்தவன் மேல் கை வைக்கக்கூடாது. வைத்தால் வரம் போய்விடும்.

ஆறு வருடம் அவள் அந்தச் சபதத்தை மீறவில்லை. எத்தனையோ தடவை கைதியை விட்டுவிட்டு, அவனே ஆள் கூட்டிக்கொண்டு வந்து இவர்களை அடித்ததுண்டு. "ஏன்க்கா, கண்ண மூடிக்கிட்டு ஒரு போடு போட்டா என்ன?" என்று குள்ளன் தலையில் அடித்துக்கொள்வான். "நான் போடுவேன்டா. அவ போடமாட்டா" என்பாள். தன் பாத்திரத் தாளைப் பென்சிலால்தான் எழுதுவாள், குண்டுமணி எழுத்தில். அந்த மேசையில் மட்டும் அவள் சொன்னது நடந்தது. வீட்டில் எந்த நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பதுகூடக் கணவன் முடிவு.

அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மூன்று வாரம் அம்மாவுடனேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். கணவன் ஒரே ஒருநாள் வந்து, மருத்துவமனை வாசலில் வண்டியை அணைக்காமலே பேசிவிட்டுப் போனான்.

திரும்பி வந்த ஞாயிறு மாடி ஏறினாள். தன் தாளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியில் பால்பாயின்ட் பேனாவில் கணவனின் கிறுக்கல்: ‘கைதி ஒருத்தன். கத்தி. முடிஞ்சுது.’

"இது என்ன?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். குள்ளன்தான் சொன்னான். "நீங்க இல்லாத வாரம் உங்க ஆளையும் அண்ணன்தான் ஆடுனார்க்கா. கதவுக் காவக்காரன் ஈட்டியக் கீழ போட்டுட்டு கையக் கூப்புனான். விட்டா சத்தம் போட்டு ஊரக் கூட்டிடுவான். பக்கத்துல உங்க வைத்தியச்சி மட்டும்தான் இருந்தா. அண்ணன் அறுக்கச் சொல்லிட்டார்."

"சபதம் இருக்குதேன்னு யாரும் சொல்லலியா?"

"நான் கேட்டேன் தங்கச்சி," என்றார் மருந்துக்கடைக்காரர். "‘அவ என்ன சொல்லப்போறா, நான் பாத்துக்கறேன்’னு மாப்பிள்ளை சொன்னாப்ல."

கணவன் சிரித்தான். "ஆபத்துக்கு நீயும் அதைத்தான் செஞ்சிருப்ப. உன்ன மாதிரியேதான் ஆடினேன்."

உன்ன மாதிரியே. எட்டு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவன் சொல்கிற வார்த்தை அது. கைதி வெறும் வாய்வார்த்தை, கத்தியும் வாய்வார்த்தை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தன்னை இவன் இப்படித்தான் பார்த்திருக்கிறான் என்பது வாய்வார்த்தை இல்லையே.

"சரி, நடக்கலன்னு வச்சுக்குவோம். அழிச்சுடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நடந்துச்சு அண்ணே. பகடை போட்டீங்க, ஆள் செத்தான். விதி என்ன சொல்லுது?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். வரம் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால், செய்ததைச் செய்தவர் வாயாலேயே செத்தவனின் உறவுக்கு முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"செஞ்சது நானில்ல. செஞ்சவர் சொல்லட்டும்," என்றாள்.

"விளையாட்டுல மன்னிப்பா? போடி வேலையப் பாரு," என்றான் கணவன்.

அவள் எழுந்துபோகவில்லை. அதுதான் எல்லோரையும் குடைந்தது. வாராவாரம் வந்தாள், உட்கார்ந்தாள், வரம் போன வைத்தியச்சியாகவே ஆடினாள். யாருக்காவது காயம் பட்டால், "கையை வைக்கிறா. ஒண்ணும் நடக்கல" என்பாள். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. தண்ணீர் கொடுத்தாள், கட்டுப் போட்டாள், விறகு பொறுக்கினாள். விதி அவளுக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான். ஒருநாள் மருந்துக்கடைக்காரர் வழி செய்து கொடுத்தார். காவல்காரனின் தங்கையே கதையில் பாதை மறித்து நின்றாள். "எங்கண்ணனக் கொன்னது யாரு?" என்று அவர் பெண்குரலில் கேட்டார். மேசை மொத்தமும் கணவன் முகத்தைப் பார்த்தது. ஒரு வாக்கியம் போதும். அவன் கைபேசியை எடுத்து யாருக்கோ செய்தி அனுப்ப ஆரம்பித்தான்.

அடுத்த மாதம் குகையில் குள்ளனுக்குப் பலத்த அடி. ஆறு வருடம் வளர்த்த பாத்திரம். "அக்கா, தொடுங்கக்கா" என்றான். விளையாட்டுக் குரலாக இல்லை. அவள் பகடையை ஒதுக்கி வைத்தாள். "தொடறா. ஒண்ணும் நடக்கல" என்றாள்.

கதையில் குள்ளன் செத்தான். ஆடியவன் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்க வீம்புக்கு என் ஆளு போயிட்டான்க்கா" என்று அவளிடம்தான் சொன்னான். அவள் கணவனை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. படியிறங்கும்போது இரண்டு ஆண்களும் கிரிக்கெட் பேசிக்கொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர், மாடியில் சரக்கு வைக்க இடம் வேண்டும் என்றார். சரக்கு ஒன்றும் வரவில்லை. மாதம் கழித்து மூன்று பேரும் குள்ளன் வீட்டில் புதுக் கதை தொடங்கினார்கள்.

"வேணும்னா வா. ஆனா வைத்தியச்சி வேணாம், வில்லுக்காரி எடுத்துக்க. சபதம் கிபதம் இல்லாத ஆளா பாத்துக்க," என்றான் கணவன், சட்டைப் பித்தானைப் போட்டபடி.

"நீங்க போயிட்டு வாங்க."

இப்போது ஞாயிறு மதியங்களில் அவளுக்குக் கை வேலையற்று இருக்கிறது. குள்ளனை நினைத்தால் நெஞ்சு அரிக்கிறது. அவன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தங்கையிடம் மன்னிப்பு என்று அவளே ஒரு சொல் விட்டுக்கொடுத்திருந்தால் அவன் ஆள் பிழைத்திருப்பான். அந்தச் சொல்லை எப்போதும் அவளே விட வேண்டியிருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே வராந்தாவில் கணவன் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "நல்லா போயிட்டிருந்த கூட்டம்க்கா. இவதான் கெடுத்தா. ஒரு விளையாட்டக்கூட விளையாட்டா எடுத்துக்கத் தெரியல இவளுக்கு. குள்ளன் பாவம், அழாத குறை." அவள் ஈரச் சட்டையை உதறாமல் கையில் பிடித்தபடி கேட்டாள். அம்மா விழுந்ததைச் சொன்னான். அவள் மூன்று வாரம் வீட்டில் இல்லாததைச் சொன்னான். சமையலுக்கு அவன் பட்ட பாட்டைச் சொன்னான். கடைசிவரை அந்தக் காவல்காரன் மட்டும் கதைக்குள் வரவே இல்லை.